விரல் நுனி அளவு: திருப்பூரில் ஒரு குழந்தையின் எக்ஸிமா பற்றிய நிகழ்வு ஆய்வு

எக்ஸிமா என்னும் அரிப்புமிக்க தோல் அழற்சி பற்றிய இந்த நிகழ்வு குழந்தையின் பெற்றோருடைய ஒப்புதலோடு எழுதப்படுகிறது. குடும்பம் அடையாளம் தெரியாதிருக்கும் பொருட்டுச் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. சிகிச்சையில் நேர்ந்த பிழைகளில் ஒன்று என்னுடையது என்பதால் அதை மறைக்காமல் அதற்குரிய இடத்தில் குறித்திருக்கிறேன்.

பின்னணி

முதல் வருகையின்போது அந்த ஆண் குழந்தைக்கு 4 வயது 2 மாதம். தந்தை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். தாய் வேறொரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தவர். பிள்ளை இரவில் தூங்காததால் தாமும் தூங்க இயலாமல், மூன்று மாதமாக வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். மதுரைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து உடனிருந்த அப்பத்தாதான் குழந்தையைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் மருந்து தடவுவதும் என்பதை நான் இரண்டாம் வருகையில்தான் அறிந்தேன்.

குழந்தைக்கு 5 மாதம் ஆனபோது இரு கன்னங்களிலும் சொரசொரப்பும் நீர்க்கசிவும் தோன்றின. ஒரு வயதுக்குப் பின் நோய் முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம், கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் ஆகிய இடங்களுக்கு நகர்ந்தது. தந்தைக்குச் சிறுவயதில் வீசிங் இருந்திருக்கிறது. வீட்டில் இதைக் கரப்பான் என்று அழைத்தனர். கரப்பான் என்று பெயர் வைத்துவிட்டால் அதற்குரிய பத்தியமும் உடன் வந்துவிடும். ஒன்றரை வயதிலிருந்தே கத்தரிக்காய், கருவாடு, மீன், கம்பு, சோளம் ஆகியவை குழந்தையின் தட்டிலிருந்து நீக்கப்பட்டன.

இரண்டரை வயதில், ஒரு விசேஷ வீட்டில் முந்திரி போட்ட பாயசம் சாப்பிட்ட பத்து நிமிடத்தில் குழந்தையின் உதடும் கண்ணிமையும் வீங்கி, உடம்பில் தடிப்புகள் எழுந்தன. அதன்பின் ஒரு பரிசோதனைக் கூடத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட பொருள்களுக்கு ஒரே ரத்த மாதிரியில் ஒவ்வாமைச் சோதனை செய்யப்பட்டது. அதில் பால், முட்டை, கோதுமை, உளுந்து உள்ளிட்ட 19 பொருள்கள் ‘பாசிட்டிவ்’ என்று வந்தன. குடும்பத்தினர் அந்தப் பத்தொன்பதையும் அன்றே நிறுத்திவிட்டனர். முன்பே நீக்கியவற்றோடு இவையும் சேர, குழந்தைக்கு எஞ்சியவை சோறு, ரசம், சில காய்கள், வாழைப்பழம் ஆகியவைதாம்.

மருந்துகளின் வரலாறும் சொல்லப்பட வேண்டியது. மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கிய ஒரு கூட்டுக் களிம்பைப் பதினொரு மாதங்கள் விட்டுவிட்டுத் தடவியிருக்கிறார்கள். அதில் பூஞ்சை மருந்தும் கிருமிக்கொல்லியும் க்ளோபெட்டசோல் என்னும் மிக வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருந்தன. தடவினால் இரண்டே நாளில் தோல் தெளியும்; நிறுத்தினால் முன்னிலும் கடுமையாகத் திரும்பும். மேற்பூச்சு ஸ்டீராய்டுகளை மருத்துவச் சீட்டின்றி விற்கக் கூடாது என்னும் கட்டுப்பாடு 2018 முதல் தெளிவாகவே உள்ளது. ஆனாலும் இத்தகைய களிம்புகள் படர்தாமரைக்கும் முகப்பொலிவுக்கும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. என்னிடம் வருவதற்கு மூன்று வாரம் முன்பு, ஸ்டீராய்டு விஷம் என்று கூறும் ஒரு வீடியோவைப் பார்த்த தாய், எல்லாக் களிம்பையும் ஒரே நாளில் நிறுத்தியிருந்தார். அதற்கு முன் சிரங்கு என்று கருதி இரண்டு முறை சிரங்கு மருந்தும் பூசப்பட்டிருந்தது.

முதல் வருகையில் கண்டவை

அது தை மாதம். காற்றில் ஈரம் குறைவாக இருக்கும் பருவம். முழங்கால் மடிப்பிலும் கணுக்காலிலும் தோல் தடித்து, கோடுகள் ஆழ்ந்து, யானைத்தோல் போலக் கறுத்திருந்தது. மாநிறமும் கறுப்புமான நம் தோலில் அழற்சி சிவப்பாகத் தெரிவதில்லை. சாம்பல் பூத்த பழுப்பாகவோ ஊதா கலந்த கருமையாகவோ தெரியும். சிவப்பைத் தேடுபவர் நோயின் கடுமையைக் குறைத்தே மதிப்பிடுவார். இரு மணிக்கட்டுகளிலும் தேன் நிறப் பொருக்கு படிந்து, ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமித்தொற்று சேர்ந்திருந்ததைக் காட்டியது. தொடையிடுக்கில் களிம்பின் விளைவான மெல்லிய தோலும் சில வரித்தழும்புகளும் இருந்தன. கன்னத்தில் வெளிறிய திட்டுகள் காணப்பட்டன. அவை வெண்குஷ்டமோ என்று தந்தை தனியே என்னிடம் கேட்டார். அழற்சி ஆறிய இடத்தில் நிறம் தற்காலிகமாகக் குறைவது இயல்பு என்று விளக்கினேன்.

விரல் இடுக்குகளில் சிரங்கின் வளைகள் இல்லை; வீட்டில் வேறு எவருக்கும் அரிப்பும் இல்லை. மடிப்புகளில் மாறிமாறி வரும் நோய், குழந்தைப் பருவத் தொடக்கம், உடம்பு முழுவதும் வறட்சி, தந்தைக்கு ஆஸ்துமா வரலாறு ஆகியவை அடோபிக் டெர்மடைட்டிஸ் என்னும் எக்ஸிமாவை ஐயத்திற்கிடமின்றிக் காட்டின.

நோயின் அளவை அறிய ‘போயம்’ என்னும் ஏழு கேள்விகள் கொண்ட அளவுகோலைப் பயன்படுத்தினேன். கடந்த ஒரு வாரத்தில் எத்தனை நாள் அரிப்பு, எத்தனை இரவு தூக்கம் கெட்டது, எத்தனை நாள் ரத்தம் கசிந்தது என்று அது கேட்கும். மொத்தம் 0 முதல் 28 வரை வரும். 17 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமை. இக்குழந்தைக்கு 23.

முதல் தீர்மானங்களும் ஒரு பிழையும்

இந்நோயில் தோலின் மேலடுக்கு தடுப்புச் சுவராக நின்று செயல்படாமல், ஈரத்தை வெளியே விட்டு, எரிச்சலூட்டும் பொருள்களை உள்ளே விடுகிறது. அந்த அடுக்கைக் கட்டிக்காக்கும் ஃபிலாக்ரின் என்னும் புரதத்தின் மரபணுக் குறைபாடு பலரிடம் இதற்கு அடிப்படையாக இருப்பது 2006-இல் தெரியவந்தது. எனவே முதல் வேலை சுவரைப் பூசுவது. இரண்டாவது உள்ளே எரியும் அழற்சியை அணைப்பது.

குளியல் நாளுக்கு ஒரு முறை, வெதுவெதுப்பான நீரில், பத்து நிமிடத்துக்குள் என்று கூறினேன். அதுவரை காலையும் மாலையும் சுடுநீரில், சோப்பும் பயத்தமாவும் வேப்பிலைக் கஷாயமும் கொண்டு தேய்த்துக் குளிப்பாட்டப்பட்டு வந்தது. துடைத்த உடனே ஈரம் காயும் முன் ஈரப்பதக் களிம்பு. உடம்பில் நோயுள்ள இடத்துக்கு நாளொன்றுக்கு ஒருமுறை மொமெட்டசோன் என்னும் ஸ்டீராய்டுக் களிம்பு, முகத்துக்கு வீரியம் குறைந்த ஸ்டீராய்டான 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன். தொற்றுக்கு ஏழு நாள் செஃபாலெக்சின் என்னும் கிருமிக்கொல்லி. இரவுக்குத் தூக்கம் தரும் அரிப்பு மருந்து. சீட்டில் ‘மெலிதாகத் தடவவும்’ என்று எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்து வந்தபோது பொருக்கு ஆறியிருந்தது. ஆனால் அளவுகோல் 21-இல் நின்றது. அரிப்பு மருந்து பகலில் குழந்தையை மயங்கவைத்ததே தவிர இரவு அரிப்பைக் குறைக்கவில்லை. மருந்தை மாற்ற வேண்டுமோ என்று நினைத்தபடியே, கொண்டுவந்திருந்த டியூபை வாங்கித் தராசில் வைத்தேன். 15 கிராம் டியூபில் ஏறக்குறைய 12 கிராம் மிச்சம் இருந்தது. 100 கிராம் ஈரப்பதக் களிம்பிலும் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

ஸ்டீராய்டு என்றாலே அஞ்சிக்கொண்டிருந்த தாயிடம் ‘மெலிதாக’ என்று சொன்னது அவருடைய அச்சத்துக்கு நான் கொடுத்த ஒப்புதல் ஆகிவிட்டது. அவர் கடுகளவு எடுத்துக் கால் முழுவதும் இழுத்திருக்கிறார். ஈரப்பதக் களிம்பையோ அப்பத்தா, பிள்ளைக்குப் பிசுபிசுவென்று வேர்க்கிறதே என்ற பரிவில், சற்று நேரத்தில் துண்டால் துடைத்துவிட்டிருக்கிறார். மருந்து வேலை செய்யவில்லை என்று நான் எண்ணியது தவறு. மருந்து தோலுக்கு வந்து சேரவே இல்லை.

இரண்டாம் திட்டம்

அன்று அப்பத்தாவையும் அறைக்குள் அழைத்து, ஏறக்குறைய முக்கால் மணி நேரம் பேசினோம். அந்த நேரத்தை முதல் நாளே ஒதுக்கியிருக்க வேண்டும்.

மருந்தளவை விரலால் அளக்கும் முறை 1991 முதல் வழக்கில் உள்ளது. டியூபின் வாயிலிருந்து, ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய களிம்பே ஒரு விரல் நுனி அளவு. ஆண் விரலில் அது ஏறக்குறைய அரை கிராம். அது விரல்கள் உட்பட இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதுமானது. 3 முதல் 5 வயதுக் குழந்தைக்கு ஒரு கை முழுவதும் பூச 2 அளவும், ஒரு கால் முழுவதும் பூச 3 அளவும் தேவை. அப்பத்தா தம் கையைக் குழந்தையின் நோயுள்ள இடங்களில் வைத்து வைத்து எண்ணினார். எட்டுக் கை வந்தது. எட்டுக் கைக்கு நான்கு விரல் நுனி. நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 கிராம். இரண்டு வாரத்துக்கு இரண்டு டியூப். அவருடைய விரல் சிறியது, ஆனால் உள்ளங்கையும் அதற்கேற்பச் சிறியதே என்பதால் கணக்கு பிசகாது. இதற்கு முன் இரண்டு வாரத்தில் 3 கிராம் மட்டுமே தடவப்பட்டிருந்ததை அவர்களே கூட்டிப் பார்த்துக்கொண்டார்கள்.

ஸ்டீராய்டு பற்றிய தாயின் அச்சத்தை நான் மறுக்கவில்லை. தொடையிடுக்கின் வரித்தழும்புகளைக் காட்டி, வீரியம் மிகுந்த மருந்தை மெல்லிய தோலில் மாதக்கணக்கில் தடவினால் இப்படித்தான் ஆகும், நீங்கள் பயந்தது நியாயமே என்றேன். ஆனால் வீரியம், இடம், அளவு, காலம் ஆகிய நான்கும் வரையறுக்கப்பட்ட மருந்து வேறு, அந்தக் கூட்டுக் களிம்பு வேறு என்பதையும் விளக்கினேன். முகத்துக்கு மட்டும் ஸ்டீராய்டை விட்டு, இரண்டு வயதுக்கு மேல் பயன்படுத்தத்தக்க டாக்ரோலிமஸ் 0.03 சதவீதக் களிம்புக்கு மாறினோம். முதல் சில நாள் எரியும் என்று முன்கூட்டியே சொன்னதால் அவர்கள் பாதியில் நிறுத்தவில்லை.

ஈரப்பதக் களிம்புக்குக் குடும்பத்தின் வருமானம் இடம் தர வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு வழிகாட்டுதலில் குழந்தைகளுக்கு வாரம் 250 முதல் 500 கிராம் வரை பரிந்துரைக்கப்படுகிறது. விளம்பரத்தில் வரும் வகைகளை அந்த அளவில் வாங்க இவர்களால் இயலாது. எனவே வெள்ளை வாசலினையும் லிக்விட் பாரஃபினையும் சரிபாதி கலந்து பெற்றுத் தந்தோம். வாரம் 150 கிராம் வரை செலவானது. லோஷன், க்ரீம், ஜெல், ஆயின்ட்மென்ட் என்ற நான்கு வகைகளை ஒப்பிட்டு இங்கிலாந்தில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில் அவற்றுக்கிடையே பலனில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை என்பது இத்தகைய குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதல். தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று அப்பத்தா கேட்டார். ஈரத் தோலின் மேல் தடவலாம் என்று இசைந்தேன். பாரஃபின் ஊறிய துணி எளிதில் தீப்பற்றும் என்பதால், அடுப்பு, விளக்கு, மத்தாப்பு ஆகியவற்றின் அருகே குழந்தையை விடக் கூடாது என்பதைச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதினேன்.

தூக்கத்துக்கு நனைத்த துணிக் கட்டு உதவியது. இதற்கென விற்கும் குழாய்த் துணி விலை கூடுதல். தந்தை தம் கம்பெனியில் கேட்டு, எலாஸ்டேன் என்னும் இழுபடும் இழை கலக்காத பருத்திப் பனியன் துணியைக் குழாய் வடிவிலேயே வாங்கிவந்து, இரண்டு முறை துவைத்து, கைக்கும் காலுக்கும் அளவாக வெட்டித் தைத்தார். ஈரப்பதக் களிம்பு தடவி, வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த ஒரு சுற்று, அதன்மேல் உலர்ந்த ஒரு சுற்று. கட்டின் அடியில் ஸ்டீராய்டு மிகுதியாக உறிஞ்சப்படும் என்பதால் அதை மாலையிலேயே தனியே தடவச் சொல்லி, கட்டை ஐந்து இரவுகளுக்கு மட்டும் வரையறுத்தேன். மூன்றாம் இரவு குழந்தை விடியும்வரை தூங்கியதாகத் தாய் தொலைபேசியில் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது.

உணவைத் திருப்பிக் கொடுத்தல்

எடையை நான் முதல் வருகையில் பார்க்கத் தவறியிருந்தேன். தோலையே பார்த்துக்கொண்டிருந்ததன் விளைவு அது. இரண்டாம் வருகையில் எடை 12.4 கிலோ. இவ்வயது ஆண் குழந்தையின் நடுநிலை எடை 16 கிலோவுக்குச் சற்று மேல். உலகச் சுகாதார நிறுவன அட்டவணையில் இக்குழந்தை எடைக்குறைவு எல்லைக்கும் கீழே இருந்தது. ஹீமோகுளோபின் 8.9, அதாவது ரத்தசோகை. என்னைப் பொறுத்தவரை இந்த வழக்கில் எக்ஸிமாவைவிட அவசரமானது இதுதான்.

ரத்தச் சோதனையில் வரும் பாசிட்டிவ், உடல் அந்தப் பொருளை அறிந்துவைத்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். தின்றால் தீங்கு வரும் என்று சொல்லாது. எக்ஸிமா உள்ள குழந்தைகளுக்குப் பல பொருள்களுக்கு அப்படி வருவது வழக்கம். ஆனால் இந்த விளக்கத்தை வைத்து அப்பத்தாவிடம் வாதாட நான் விரும்பவில்லை. அவர் கண்டதையே கேட்டேன்: “பாட்டி, முட்டையும் பாலும் நிறுத்தி ஒன்னேகால் வருசத்துக்கு மேல ஆச்சே, அரிப்பு குறைஞ்சிருக்கா?” அவர் சற்று நேரம் யோசித்து, “குறையல டாக்டரம்மா, கூடத்தான் செஞ்சிருக்கு” என்றார். “பத்தியம் இல்லாம கரப்பான் ஆறுமா?” என்ற அடுத்த கேள்வியும் அவரிடமிருந்தே வந்தது. ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்ப்போம், பொல்லாதது எது என்று பிள்ளையின் உடம்பே சொல்லட்டும் என்றேன். அதற்கு அவர் உடன்பட்டார்.

நெடுநாள் நிறுத்திய பாலையும் முட்டையையும் வீட்டில் திடீரென்று கொடுப்பது ஆபத்து. முன்பு தாங்கிய உணவுக்கே உடனடி ஒவ்வாமை தோன்றக்கூடும். ஆதலால் கடும் ஒவ்வாமைக்கு உடனே போடும் அட்ரினலின் ஊசி கைக்கெட்டும் இடத்தில் வைத்து, மருத்துவமனையில் பகல் நேரத்தில் முதலில் முட்டை சேர்த்துச் சுட்ட கேக்கின் சிறு துண்டும், பின்னொரு நாள் பாலும், படிப்படியாக அளவைக் கூட்டிக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கண்காணித்தோம். ஒன்றும் நேரவில்லை. கோதுமையும் உளுந்தும் அவ்வாறே திரும்பின. கத்தரிக்காயும் கம்பும் வீட்டிலேயே திரும்பின. முந்திரியை மட்டும் கொடுக்கவில்லை. பாயசத்துக்குப் பத்து நிமிடத்தில் வந்த வீக்கம் உண்மையான ஒவ்வாமை. பத்தொன்பதில் அந்த ஒன்றைப் பிரித்தறிய உதவியது சோதனைத்தாள் அன்று, தாய் அந்த நாளை நினைவுகூர்ந்து சொன்ன விதம். இரும்புச் சத்து மருந்து மூன்று மாதம் கொடுக்கப்பட்டது.

நீரும் பள்ளியும்

ஆழ்துளைக் கிணற்றின் உப்புத்தண்ணீர்தான் நோய்க்குக் காரணம் என்று தந்தை உறுதியாக நம்பினார். கடன் வாங்கி, வாடகை வீட்டில் நீரை மென்மையாக்கும் கருவி பொருத்த முன்பணம் கொடுக்கவும் இருந்தார். இங்கிலாந்தில் 336 குழந்தைகளைக் கொண்டு நடந்து 2011-இல் வெளியான சோதனையில், அத்தகைய கருவி எக்ஸிமாவைக் குறைக்கவில்லை. அந்தச் சோதனை திருப்பூர் நீரில் நடந்ததன்று என்பதால் அதைக் கடைசிச் சொல்லாகக் கொள்ளவில்லை. ஆனால் கடன்படும் அளவுக்கு நம்பிக்கை வைக்க ஆதாரம் இல்லை என்றும், அந்தப் பணம் களிம்புக்கே போகட்டும் என்றும் சொன்னேன்.

எல்கேஜி வகுப்பில் ஆசிரியை, பிற குழந்தைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று கருதி, இரண்டு முறை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். இது தொற்றுநோய் அன்று என்றும், வேர்வை அரிப்பைத் தூண்டும் என்பதால் மின்விசிறியின் கீழ் அமரவைக்க வேண்டும் என்றும், பாலியஸ்டர் சீருடைக்குள் பருத்திப் பனியன் அணிய அனுமதிக்க வேண்டும் என்றும் தமிழில் ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். மூன்றும் ஏற்கப்பட்டன.

தொடர்ந்து நிகழ்ந்தவை

இரண்டாம் திட்டம் தொடங்கிய நான்கு வாரத்தில் அளவுகோல் 9-க்கு இறங்கியது. தாய் வேலைக்குத் திரும்பினார். தோல் தெளிந்ததும் மருந்தை முற்றிலும் நிறுத்தாமல், முன்பு நோயிருந்த இடங்களில் வாரம் இரண்டு நாள் மட்டும் தடவும் காப்பு முறைக்கு மாறினோம். எந்த இரண்டு நாள் என்று மறந்துவிடும் என்றார் தாய். திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள் ஆகையால், சம்பள நாளும் மறுநாளும் என்று தந்தை முடிவு செய்தார். அதன்பின் ஒரு வாரமும் தவறவில்லை.

மூன்றாம் மாத முடிவில் அளவுகோல் 5. சித்திரையில் ஊர்த் திருவிழாவுக்குப் போய்ப் பத்து நாள் தங்கியபோது வெயிலும் வேர்வையும் மஞ்சள் நீரும் சேர்ந்து நோயைக் கிளப்பின; அது 14 வரை ஏறியது. முன்பானால் மெடிக்கல் ஷாப்புக்குப் போயிருப்பார்கள். இம்முறை அப்பத்தா கையை வைத்து எண்ணி, எட்டுக்குப் பதில் ஐந்துதான் என்று கண்டு, தினமும் தடவும் முறைக்குத் திரும்பி, எட்டாம் நாள் மீண்டும் வாரம் இரண்டு நாளுக்கு இறங்கியிருந்தார். வாசலின் கலவை வெயில் காலத்தில் வேர்க்குருவை உண்டாக்கியதால், வைகாசி முடியும்வரை பகலில் லேசான க்ரீமும் இரவில் மட்டும் கலவையுமாக மாற்றினோம்.

ஏழாம் மாதத்தில் எடை 14 கிலோ, ஹீமோகுளோபின் 11.4. கன்னத்து வெளிறல் பெரும்பாலும் மறைந்தது. தொடையிடுக்கின் வரித்தழும்புகள் மங்கின, ஆனால் மறையவில்லை. அவை மறையா என்பதையும் பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேன்.

நான் மாற்றிக்கொண்டவை

‘மெலிதாக’ என்ற சொல்லை இப்போது எந்தச் சீட்டிலும் எழுதுவதில்லை. எத்தனை விரல் நுனி, எந்த இடம், எத்தனை நாள் என்று எழுதுகிறேன். ஒவ்வொரு வருகையிலும் டியூபைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி எடை பார்க்கிறேன். மருந்து கூடுதலா குறைவா என்ற கேள்விக்கு அதைவிட நேர்மையான விடை எனக்குக் கிடைத்ததில்லை. முதல் நாளே ‘பிள்ளைக்கு மருந்து தடவுவது யார்?’ என்று கேட்டு, அவர் வராமல் திட்டம் எழுதுவதில்லை. தோல் நோய்க்கு வரும் குழந்தைக்கும் எடையும் உயரமும் அறைக்குள் நுழையும் முன்பே குறிக்கப்படுகின்றன. வரலாற்றில் உடனடி ஒவ்வாமைக்கான அறிகுறி இல்லாதபோது, பல பொருள்களை ஒருங்கே பார்க்கும் ரத்தச் சோதனைக்கு எழுதுவதில்லை. தூக்கம் தரும் அரிப்பு மருந்தைப் பழக்கத்தால் சேர்ப்பதையும் விட்டுவிட்டேன்.

ஒன்றை முதல் நாளிலேயே சொல்லாமல் விட்டதற்கு இப்போதும் வருந்துகிறேன். எக்ஸிமாவின் மேல் ஹெர்பெஸ் வைரஸ் பரவினால், ஒரே அளவிலான குழிந்த சிறு புண்கள் கொத்தாகத் தோன்றி, காய்ச்சலும் வலியும் வரும். அது அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டிய அவசரம். இக்குழந்தைக்கு அது வரவில்லை. எனினும் அதைப் படத்துடன் விளக்கும் தாள் இப்போது முதல் சீட்டோடு சேர்த்தே கொடுக்கப்படுகிறது.

பதினோராம் மாதத்தில் கடைசியாகப் பார்த்தபோது அளவுகோல் 4. குழந்தை யூகேஜியில் படிக்கிறான். மதியத்துக்கு முட்டை கொண்டுபோகிறான். முந்திரிக்கான மறுபரிசோதனை வரும் ஆண்டு மருத்துவமனையில் வைத்துச் செய்வதென்று முடிவாகியிருக்கிறது. அதுவரை விசேஷ வீடுகளில் பாயசத்தை அப்பத்தாதான் முதலில் கிளறிப் பார்க்கிறார்.